பாட்டியைச் சேர்க்கப் போய், பையோடு திரும்பிய கதை

எங்கள் பக்கத்து வீட்டில் தனியாக இருந்த பாட்டியை, ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபையார் நடத்தும் முதியோர் இல்லத்தில் சேர்த்து இன்றோடு பதினொரு நாள் ஆகிறது. அதற்கு முன் அலைந்தது ஏறத்தாழ மூன்று மாதம். அந்த அலைச்சலில் பாதி நானாகத் தேடிக்கொண்டது. மீதி, ஓர் அலுவலகத்துக் குமாஸ்தாவின் புண்ணியம்.

கன்னியர் மடம் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து முதலில் நல்லாயன் சபையினரைத் தொலைபேசியில் அழைத்தேன். 1835-இல் மேரி யூப்ரசியா தொடங்கிய அந்தச் சபை, துயருறும் பெண்களுக்காகவும் சிறுமியருக்காகவும் உழைப்பது. ஒவ்வொரு சபைக்கும் தனித்தனிப் பணி உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன். மறுமுனையில் பேசிய சகோதரி சலித்துக்கொள்ளாமல் சரியான எண்ணைத் தந்தார்.

விண்ணப்பம், மருத்துவச் சான்று, மார்பு எக்ஸ்ரே எல்லாம் ஒரே வாரத்தில் கிடைத்துவிட்டன. அவற்றைக் கோப்பில் அடுக்கி, பாட்டியின் துணிகளை ஒரு பையில் திணித்து, "ஓர் இடம் பார்த்துவிட்டு வரலாம் பாட்டி" என்று மட்டும் சொல்லி அழைத்துப் போனேன். வரவேற்பறையில் இருந்த சிஸ்டர் என் கோப்பைத் திறக்கவே இல்லை. நாற்காலியைப் பாட்டியின் பக்கமாக இழுத்துப் போட்டு அமர்ந்து, "அம்மா, இங்கே எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று தெரியுமா?" என்று கேட்டார். பாட்டி பையின் பிடியை இரு கைகளாலும் பற்றியபடி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையே பதிலாகிவிட்டது. "அவராக வருகிறேன் என்று சொன்ன பிறகு வாருங்கள்" என்று சிஸ்டர் எழுந்துவிட்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எதிர்ச் சுவரில் சபையைத் தொடங்கிய ழான் ஜுகானின் படம் தொங்கிக்கொண்டிருந்தது. 1839-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பிரான்சின் சேன்-செர்வானில், பார்வையற்றவரும் பாதி உடல் செயலிழந்தவருமான ஆன் ஷோவன் என்ற முதியவரை வீட்டுக்குள் கொண்டுவந்து, தன் கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டுப் பரணில் படுத்துக்கொண்டவர் அவர். 2009-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். "அந்த அம்மையார் எந்தப் படிவமும் கேட்டதாகத் தெரியவில்லையே, சிஸ்டர்" என்றேன். "படிவம் கேட்கவில்லைதான். பொய் சொல்லியும் கூட்டி வரவில்லை" என்றார் அவர். வாய் அடைத்துப்போய், பையோடும் பாட்டியோடும் வீடு திரும்பினேன். பாட்டி இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு அதே சிஸ்டர் வீடு தேடி வந்தார். தரையில் அமர்ந்து, செருப்பின் வார் அழுத்திச் சிவந்திருந்த பாட்டியின் வீங்கிய பாதத்தை மடியில் எடுத்து வைத்துப் பார்த்தார். இரவில் விளக்கு எரிய வேண்டுமா, எத்தனை மணிக்கு விழிப்பு வரும் என்று கேட்டார். எங்கே இடமில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில், பாட்டி இருமுறை இரவில் விழுந்ததை விண்ணப்பத்தில் நான் எழுதவில்லை. பாட்டி அதைத் தானாகவே சொல்லிவிட்டார். சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. கழிவறைக்கு அருகில் கட்டில் போட வேண்டும் என்று அப்போதே குறித்துக்கொண்டார். நோயை மறைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மறைத்திருந்தால் கூடத்தின் மறுகோடியில் அல்லவா படுக்க வைத்திருப்பார்கள்! பாட்டி கேட்டது ஒன்றே ஒன்று: "நான் உங்கள் மதமில்லை. என் சாமி படத்தைக் கொண்டுவரலாமா?" "ஆணி அடித்துத் தருகிறோம், அம்மா" என்றார் சிஸ்டர். "ஒரு வாரம் இருந்து பார்க்கிறேன்" என்று பாட்டி இறங்கி வந்தார்.

முதியோர் உதவித்தொகைக்கான முகவரியை மாற்றும் வேலைதான் என் பொறுமையைத் தின்றது. இல்லத்தின் கட்டண ரசீது இல்லாமல் முகவரியை மாற்ற முடியாது என்றார் குமாஸ்தா. கட்டணமே கேட்கவில்லை என்றதும், "சும்மா யார் சோறு போடுவார்கள்?" என்று சிரித்தார். நிலையான வருமானம் தரும் சொத்துகளை ஏற்பதில்லை என்று 1865-இலேயே முடிவெடுத்து, சகோதரிகள் வீடு வீடாகவும் சந்தை சந்தையாகவும் போய்க் கேட்டுப் பெறுவதைக் கொண்டே முதியோரைக் காப்பாற்றும் சபை இது என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே அடுத்த ஆளை அழைத்தார். இரண்டாம் முறை, அடையாள அட்டையில் தலைப்பெழுத்து இல்லை என்று திருப்பினார். முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு நடை மிச்சமாகியிருக்கும்.

மூன்றாம் முறை சிஸ்டரின் கடிதத்தோடு போனேன். மறுபடியும் ரசீது என்று ஆரம்பித்ததும், "மறுப்பதற்கான காரணத்தை விண்ணப்பத்திலேயே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்று பணிவாகக் கேட்டேன். அவர் பேனாவைத் திறந்தார், மூடினார், முத்திரையை எடுத்துக் குத்தினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. வாய்வழி மறுப்பை மட்டும் கேட்டுத் திரும்பி வராதீர்கள்.

ஒரு வாரம் என்று போன பாட்டி, நேற்று நான் பார்க்கப் போனபோது, வீட்டில் விட்டுவந்த போர்வையைக் கேட்டார். உதவித்தொகை அட்டையும் வந்துவிட்டது, பழைய முகவரிக்கு. பிரித்துப் பார்த்தால் முகவரி சரியாகத்தான் மாறியிருக்கிறது. பிறந்த ஆண்டுதான் இருபது வருடம் முன்னேறி, பாட்டியை உதவித்தொகை வாங்கும் வயதுக்கே வராதவராக ஆக்கிவிட்டது. திங்கட்கிழமை மறுபடியும் அந்த வரிசை.