பாமினிக்குள் கிடக்கும் ஊர்

இலங்கையின் கிழக்கில் ஏதாவது ஒரு கோயிலின் கும்பாபிஷேக மலரையோ வாசிகசாலையின் ஆண்டறிக்கையையோ பழைய கணினிக் கோப்பாகத் தேடிப் பிடித்தீர்கள் என்றால், அது பெரும்பாலும் பாமினி எழுத்துருவில்தான் இருக்கும். மட்டக்களப்பு அச்சகங்களில் வேலை பார்த்த பிள்ளைகளின் விரல்களுக்குப் பழகியது அதுதான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. எத்தனையோ கல்யாண அட்டையும் மரண அறிவித்தலும் தமிழில் அழகாக அச்சேறியது அந்த எழுத்துருவின் புண்ணியம். ஆனால் அந்தக் கோப்புகளை இன்று திறக்கும்போது என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லினக்ஸ், யாரும் உள்ளே பார்த்து மாற்றிப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருள் என்று நான் ஏன் காண்கிறவர்களிடம் எல்லாம் பேசிக்கொண்டு திரிகிறேன் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் அதுதான்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு கண்ணகி அம்மன் கோயில். அங்கே முன்பு வண்ணக்கராக, அதாவது கோயில் நிர்வாகப் பொறுப்பாளராக இருந்தவர், எனக்குப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்த சேர். ஒருநாள் ஒரு சீடியோடு வீட்டுக்கு வந்தார். கோயில் மலருக்காகச் சேர்த்த கட்டுரைகள் எல்லாம் அதில் இருந்தன. ஊரில் என்னென்ன குடிகள், வைகாசிச் சடங்கில் எந்தக் குடிக்கு எந்த நாள், யார் யார் கப்புகனாராக, அதாவது அம்மன் கோயில் பூசகராக இருந்தார்கள், 1978 நவம்பர் சூறாவளியில் கோயில் கூரை போனபின் யார் யார் கிடுகு கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று எல்லாம். அச்சிட்ட மலர் ஊரில் ஒழுங்காக யாரிடமும் இல்லை. இருந்த ஒன்றிரண்டும் வெள்ளத்தில் நனைந்து தாள்கள் ஒட்டிப்போய்க் கிடக்கின்றன. தகவல் சொன்ன கிழவர்கள் பலர் இப்போது உயிரோடு இல்லை.

"தம்பி, இதத் திறந்து தர ஏலுமா? இது போனா மறுகா கேக்கிறதுக்கும் ஆள் இல்ல" என்றார்.

"சீடி வாசிச்சாக் காணும் சேர், மிச்சத்த நான் பாக்கிறன்" என்றேன்.

சீடியில் கீறல் இருந்தது. சாதாரணமாகப் பிரதி எடுக்கப் போனால் கீறல் வந்த இடத்தில் கணினி நின்றுவிடும். குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் டிடிரெஸ்க்யூ என்றொரு சின்ன நிரல் உண்டு. அது முதலில் நல்ல இடங்களை எல்லாம் அள்ளி எடுத்துக்கொள்ளும், பழுதான இடங்களை ஒரு கோப்பில் குறித்து வைத்துக்கொள்ளும், அப்புறம் அந்த இடங்களுக்கு மட்டும் திரும்பத் திரும்பப் போய் முயலும். நடுவில் கரண்ட் போனாலும் பரவாயில்லை, அந்தக் குறிப்பை வைத்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 2022 இல் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டைப் பார்த்த நாட்டில் இருப்பவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும். விட்டு விட்டு ஓடவிட்டேன். கடைசியில் ஓரிரு படங்களைத் தவிர எல்லாம் வந்துவிட்டது.

வந்தவை பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகள். அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 7.0, வெளிவந்தது 2001 இல். அதற்குப் பின் அடோபி நிறுவனம் அதைக் கைவிட்டு இன்டிசைன் என்ற தன் வேறொரு வடிவமைப்பு மென்பொருளுக்குப் போய்விட்டது. ஒரு கம்பனி தன் பொருளை நிறுத்துவது அதன் விருப்பம், அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தக் கோப்புக்குள் இருப்பது எங்கள் ஊர். அதைத் திறக்கும் வழி அந்தக் கம்பனிக்கு மட்டும்தான் தெரியும் என்றால், அவர்கள் கடையை மூடும் நாளில் எங்கள் ஊரும் சேர்ந்தல்லவா பூட்டப்படுகிறது?

நல்ல காலம், யாரோ இதற்காகவும் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்கள். 2014 இல் 'டொகியுமென்ட் லிபரேஷன் புரொஜெக்ட்' என்று ஒரு முயற்சி தொடங்கியது. கைவிடப்பட்ட கோப்பு வடிவங்களின் உள்ளமைப்பைப் பைட் பைட்டாக ஆராய்ந்து, அவற்றை வாசிக்கும் நிரல்களை எழுதி எல்லோருக்கும் பொதுவாக வைப்பதே அவர்களின் வேலை. பேஜ்மேக்கருக்கும் ஒன்று எழுதினார்கள், அது லிப்ரே ஓபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளுக்குள் சேர்ந்தது. சேரின் கோப்பை அதன் வரைகலைப் பகுதியான டிரோவில் திறந்தேன். பக்க அமைப்பு குலைந்திருந்தது, படங்கள் இல்லை, ஆனால் எழுத்து வந்திருந்தது. எழுத்து வந்ததே போதும். இந்த நிரலை எழுதியவர்கள் மட்டக்களப்பைக் கேள்விப்பட்டிருப்பார்களோ தெரியாது, ஆனால் நான் அவர்களுக்கு மனதாரக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இனிப் பாமினி. இதைத் தமிழ் எழுத்து என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாமினியில் 'அம்மா' என்று தட்டினால் கணினிக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து ஆங்கிலக் குறிகள். எம் இருக்கும் இடத்தில் அகரத்தின் படத்தையும் கே இருக்கும் இடத்தில் மகரத்தின் படத்தையும் எழுத்துரு வரைந்து காட்டுகிறது, அவ்வளவுதான். எழுத்துருவை எடுத்துவிட்டால் அம்மா இல்லை. கூகுளில் தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது, கண் தெரியாத ஒருவரின் திரைவாசிப்பானுக்கு அது வெறும் உளறல். உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் பொதுத் தரம் யுனிக்கோட். அதன் முதல் பதிப்பிலேயே, 1991 இல், தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் அச்சகத்துப் பழக்கம் அதற்குப் பின் வெகு காலம் பாமினியிலேயே ஓடியது, சில இடங்களில் இன்னும் ஓடுகிறது.

மாற்றுவதற்கு நிரல்கள் இருக்கின்றன. ஓப்பன் தமிழ் என்ற, பைதன் நிரல்மொழியில் எழுதிய தொகுப்பில் பாமினியிலிருந்து யுனிக்கோடுக்கு மாற்றும் பகுதி உண்டு. ஆனாலும் எனக்கு இந்த வேலையைக் கையால் எழுதிப் பார்ப்பதில் ஒரு பிரியம். 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாமினியில் நாம் கையால் எழுதும் ஒழுங்கிலேயே முதலில் கொம்பு, பிறகு க, கடைசியில் அரவு, அதாவது துணைக்கால். யுனிக்கோடில் க முன்னால் வரும், கொம்பும் அரவும் சேர்ந்த ஒரே குறி அதற்குப் பின்னால். ஆகவே நிரல் முதலில் மூன்று குறிகள் சேர்ந்து வரும் எழுத்துகளை மாற்ற வேண்டும், பிறகுதான் இரண்டு குறி, கடைசியில் ஒற்றைக் குறி. இந்த ஒழுங்கு பிசகி 'கா'வை முதலில் மாற்றிவிட்டால் கொம்பு தனியாக அந்தரத்தில் நிற்கும். இணையத்தில் சில பழைய பக்கங்களில் எழுத்துக்கு முன்னால் புள்ளி வட்டத்தோடு ஒரு கொம்பு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அது இப்படி வந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். இன்னொரு சிக்கல், கட்டுரைக்கு நடுவில் வரும் உண்மையான ஆங்கிலச் சொற்கள். எந்தச் சொல்லுக்கு எந்த எழுத்துரு என்ற தகவலையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் அவையும் தமிழாக மாறி ஒரு கோலத்தில் வந்து நிற்கும்.

எல்லாம் முடிந்து சேர் தன்னுடைய தொலைபேசியில் அதை வாசித்தார். தன் தகப்பனார் பெயரைத் தேடல் பெட்டியில் போட்டு, அது வந்து நின்ற இடத்தில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "முந்தி ஏடு பெயர்த்தெழுதுற மாதிரித்தான் இது, என்ன?" என்றார்.

அதை விடச் சரியாக என்னால் சொல்ல முடியாது. கண்ணகி கோயில்களில் சடங்குக்கு எடுத்து வாசிக்கும் ஏடுகள் இன்றுவரை வந்து சேர்ந்தது ஓலை உறுதியானது என்பதால் இல்லையே. ஓலை பூச்சி அரிக்கும், ஈரத்தில் உக்கும். ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் எழுத்தாணியோடு உட்கார்ந்து புது ஓலையில் எழுதி வைத்தார். வாசிக்கத் தெரிந்தவர் எழுதிக்கொள்ளலாம், குறுக்கே நிற்க ஒரு கம்பனி இருக்கவில்லை. கட்டற்ற மென்பொருள் உரிமங்களில் சொல்லும் நான்கு உரிமைகளை, அதாவது விரும்பியபடி பயன்படுத்த, உள்ளே என்ன இருக்கிறதென்று படிக்க, மாற்ற, மற்றவருக்குக் கொடுக்க என்பதை, நான் பொடியன்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது இப்போதெல்லாம் ஏட்டிலிருந்துதான் தொடங்குகிறேன்.

தண்ணீரும் காற்றும் கொண்டுபோன கடதாசிகளைப் பற்றி இந்தக் கரையில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாவலடியிலும் கல்லடியிலும் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் படம் ஒன்றும் மிஞ்சாத வீடுகள் எத்தனை. அந்த நாட்களில்தான் இலங்கையின் மென்பொருள் தொண்டர்கள் சேர்ந்து சகானா என்ற நிரலை எழுதத் தொடங்கினார்கள். காணாமல் போனவர்களைப் பதிய, முகாம்களில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க, எங்கே என்ன உதவி தேவை என்று கணக்கு வைக்க. மூலநிரலைத் திறந்து வைத்ததால் அடுத்த ஆண்டு, 2005 ஒக்டோபரில் பாகிஸ்தானில் நிலநடுக்கம் வந்தபோது அங்கேயும் அதை எடுத்துப் பயன்படுத்தினார்கள். ஃப்ரீ சொப்ட்வெயர் ஃபவுண்டேஷன் சமூக நலத் திட்டங்களுக்குக் கொடுக்கும் விருது 2006 ஆம் ஆண்டுக்குச் சகானாவுக்குக் கிடைத்தது. எங்கள் துக்கத்திலிருந்து பிறந்த ஒன்று வேறொரு நாட்டில் பிரிந்த குடும்பங்களைத் தேட உதவியது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு நிறையும். எங்கள் பள்ளிக்கூடங்களில் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள் இல்லையே என்ற ஆதங்கமும் உண்டு.

சரி, பழையதை மீட்டது போக, இப்போது நாங்கள் என்ன செய்கிறோம்? கோயில் அறிவித்தல் ஒரு படமாக வட்ஸ்அப்பில் வருகிறது. நினைவு மலர் அச்சகத்துக்குப் போகிறது, மூலக் கோப்பு அச்சகத்துக் கணினியிலேயே கிடக்கிறது, அந்தக் கணினி பழுதானால் அதோடு சரி. அச்சகத்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை, கேட்டு வாங்காதது நாங்கள்தான். மலர் போடும் சங்கத்தவர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கட்டுரைகளை யுனிக்கோடில் தட்டச்சிடச் சொல்லுங்கள். பாமினி விசையடுக்கே கைக்கு வரும் என்பவர்கள் அதே அடுக்கில் தட்டி யுனிக்கோட் எழுத்து வரவைக்கலாம், அதற்கு விசைப்பலகைகள் இருக்கின்றன. வேலை முடிந்ததும் பிடிஎஃபோடு கட்டுரைகளின் மூலத்தையும் ஓடிடி கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். ஓடிடி என்பது லிப்ரே ஓபிஸ் சேமிக்கும் திறந்த ஆவண வடிவம், 2006 இலிருந்து உலகத் தரம். அதன் பெயரை ஸிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், உள்ளே உங்கள் கட்டுரை வெறும் எழுத்தாகவே இருக்கும். நாளைக்கு லிப்ரே ஓபிசே இல்லாமல் போனாலும் யாரும் வாசித்துவிடலாம். அதில் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள். 2005 இலிருந்து ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வடிவில் சேர்த்து எல்லோருக்கும் திறந்து வைத்திருப்பவர்கள் அவர்கள்.

சேரின் மலர்க் கட்டுரைகளை ஊர் இளைஞர்கள் இப்போது பிழை பார்க்கிறார்கள். அடுத்து ஆரையம்பதிப் பக்கம் மூடிவிட்ட ஓர் அச்சகத்தின் வன்தட்டு வருகிறது, அதற்குள் நாட்டுக்கூத்துப் பிரதிகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். உங்கள் வீட்டு அலுமாரியிலும் பழைய சீடியோ புளொப்பியோ கிடந்தால் இனியும் வைத்திருக்க வேண்டாம், கொண்டு வாருங்கள். சீடியின் பூச்சு வருடத்துக்கு வருடம் கெட்டுக்கொண்டுதான் போகும், பிந்தினால் டிடிரெஸ்க்யூவாலும் ஒன்றும் செய்ய ஏலாது.