கட்டளையும் வேண்டுகோளும் இன்டைரக்ட் ஸ்பீச்சில்: யார் யாரிடம் சொல்கிறார் என்பதை முதலில் பாருங்கள்

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் டைரக்ட் ஸ்பீச்சை (ஒருவர் சொன்னதை அப்படியே மேற்கோளுக்குள் தருவது) இன்டைரக்ட் ஸ்பீச்சாக (அதையே நம் வார்த்தையில் எடுத்துச் சொல்வது) மாற்றும் கேள்விக்கு 2 மதிப்பெண். மத்திய அரசு வேலைகளுக்கு ஆள் எடுக்கும் எஸ்எஸ்சி, பிளஸ் டூ முடித்தவர்களுக்காக நடத்தும் சிஎச்எஸ்எல் தேர்வின் பாடத்திட்டத்திலும் இதே பகுதி இருக்கிறது, அங்கே நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள், முதல் கட்டத் தேர்வில் தவறான விடைக்கு 0.50 கழிப்பார்கள். பள்ளியில் ஒரு முறை, போட்டித் தேர்வுக்காக இன்னொரு முறை என்று இரண்டு தடவை இதைப் படித்தேன், இப்போது தெருவில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஸ்டேட்மென்ட், கொஸ்டின் இரண்டையும் விட்டுவிட்டு கட்டளை, வேண்டுகோள் பற்றி மட்டும் எழுதுகிறேன். மொத்தப் பாடத்திலேயே எளிதான பகுதி இதுதான், ஆனால் பிள்ளைகள் தேவையில்லாமல் பயப்படுவதும் இங்கேதான்.

பயத்துக்குக் காரணம் டென்ஸ் (வினைச்சொல் காட்டும் காலம்) அட்டவணை. 'இஸ்' வந்தால் 'வாஸ்', 'வில்' வந்தால் 'வுட்' என்று மனப்பாடம் செய்துவிட்டு, "ஓபன் த டோர்" என்ற வாக்கியத்தைப் பார்த்ததும் 'ஓபன்'-ஐ 'ஓபன்ட்' ஆக்குவதா 'ஹேட் ஓபன்ட்' ஆக்குவதா என்று தேட ஆரம்பிக்கிறார்கள். கட்டளைக்கு டென்ஸே கிடையாது. அதனால் மாற்றவும் எதுவும் இல்லை. 'டு' போட்டு வினைச்சொல்லை அப்படியே எழுத வேண்டியதுதான். "ஹி டோல்ட் மீ டு ஓபன் த டோர்." கேள்வியில் மேற்கோளுக்கு வெளியே இருப்பது 'செட் டு' ஆக இல்லாமல் 'சேஸ் டு' ஆக இருந்தால்கூட "ஹி டெல்ஸ் மீ டு ஓபன் த டோர்" என்று வரும், 'டு ஓபன்' அசையாது.

இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க நான் தமிழிலிருந்துதான் ஆரம்பிப்பேன். "கதவைத் திற" என்று அப்பா சொன்னதை அம்மாவிடம் போய்ச் சொல்லும்போது என்ன சொல்கிறோம்? "அப்பா என்னைக் கதவைத் திறக்கச் சொன்னார்." 'திற' என்பது 'திறக்க' ஆகிவிட்டது, அவ்வளவுதான். அந்தத் 'திறக்க' இருக்கும் இடத்தில்தான் ஆங்கிலத்தில் 'டு ஓபன்' உட்காருகிறது. உட்காரச் சொன்னார், எழுதச் சொன்னார், சீக்கிரம் வரச் சொன்னார் என்று நாள் முழுக்க நாம் பேசுவது எல்லாமே இந்த இலக்கணம்தான். இது பிடிபட்டுவிட்டால் 'தட்' போடுவதா 'இஃப்' போடுவதா என்ற கேள்வியே எழாது.

சரி, அப்படியானால் கஷ்டம் எங்கே? 'செட் டு' என்பதை எடுத்துவிட்டு அங்கே என்ன வினைச்சொல் போடுவது என்பதில். மதிப்பெண் போகிற இடமும் அதுதான். பெரும்பாலான பிள்ளைகள் 'ப்ளீஸ்' இருந்தால் 'ரிக்வெஸ்டட்', இல்லாவிட்டால் 'ஆர்டர்ட்' என்று இரண்டே பெட்டி வைத்திருக்கிறார்கள். அது போதாது. வாக்கியத்தைப் படித்ததும் பேனாவை எடுக்காமல், பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார், என்ன நினைப்பில் சொல்கிறார் என்று ஒரு நொடி பாருங்கள். டாக்டர் நோயாளியிடம் "வாக் எவ்ரி மார்னிங்" என்று சொன்னால் அது கட்டளை இல்லை, அறிவுரை, ஆகவே "த டாக்டர் அட்வைஸ்ட் த பேஷன்ட் டு வாக் எவ்ரி மார்னிங்." கேப்டன் சிப்பாய்களிடம் "மார்ச் ஃபார்வர்ட்" என்றால் 'கமாண்டட்' அல்லது 'ஆர்டர்ட்'. எலக்ட்ரீஷியன் ஒரு சிறுவனிடம் "டோன்ட் டச் த வயர்" என்றால் அவர் அதிகாரம் காட்டவில்லை, ஆபத்தைச் சொல்கிறார், அங்கே 'வார்ன்ட்'. மாணவன் ஆசிரியரிடம் "ப்ளீஸ் டோன்ட் பனிஷ் மீ" என்று அழாத குறையாகச் சொன்னால் 'ரிக்வெஸ்டட்' எழுதினாலும் சரிதான், ஆனால் "த பாய் பெக்ட் த டீச்சர் நாட் டு பனிஷ் ஹிம்" என்று எழுதினால் அந்த வாக்கியத்தில் உயிர் இருக்கும். அம்மா மகனிடம், நண்பன் நண்பனிடம் சாதாரணமாக ஒன்றைச் செய்யச் சொன்னால் 'டோல்ட்' போதும். அம்மா மகனை 'ஆர்டர்' செய்வதாக எழுதுவது எனக்கு எப்போதும் உறுத்தும், எந்த வீட்டில் அப்படி நடக்கிறது?

ஒரே "சிட் டவுன்" போலீஸ் அதிகாரி கைதியிடம் சொன்னால் 'ஆர்டர்ட்', பாட்டி பேரனிடம் சொன்னால் 'டோல்ட்', நேர்காணலில் அதிகாரி "ப்ளீஸ் சிட் டவுன்" என்றால் 'ஆஸ்க்ட்' அல்லது 'ரிக்வெஸ்டட்'. எது என்று கொஞ்சமும் தெரியாவிட்டால் கட்டளைக்கு 'டோல்ட்', வேண்டுகோளுக்கு 'ஆஸ்க்ட்' எழுதுங்கள், பெரும்பாலும் தப்பாகப் போகாது. பேச்சு வழக்கிலும் ஆங்கிலேயர்கள் 'ரிக்வெஸ்டட்' என்பதை அதிகம் சொல்வதில்லை, 'ஆஸ்க்ட்' தான் அவர்கள் வாயில் இயல்பாக வருவது. நம் பள்ளித் தேர்வில் 'ரிக்வெஸ்டட்' பழகிப்போன விடை, அதையும் தாராளமாக எழுதலாம்.

அடுத்தது தமிழ் நம்மை வழி மாற்றிவிடும் இடம். "அவரிடம் கேட்டுக்கொண்டான்", "சிப்பாய்களுக்குக் கட்டளையிட்டார்" என்று நாம் சொல்வதால் அந்த 'இடம்', 'கு' இரண்டும் ஆங்கிலத்தில் 'டு' ஆகி முளைக்கிறது. "ஹி ரிக்வெஸ்டட் டு த மேனேஜர் டு..." என்று எழுதிவிடுகிறார்கள். இது தவறு. 'டோல்ட்', 'ஆஸ்க்ட்', 'ரிக்வெஸ்டட்', 'ஆர்டர்ட்', 'அட்வைஸ்ட்', 'வார்ன்ட்' எல்லாவற்றுக்கும் பின்னால் ஆள் நேராக வர வேண்டும், அந்த ஆளுக்குப் பின்னால்தான் 'டு'. ஒரு வாக்கியத்தில் ஆளுக்கு முன்னால் ஒன்று, வினைச்சொல்லுக்கு முன்னால் ஒன்று என இரண்டு 'டு' தெரிந்தால் முதல் 'டு'வை அடித்துவிடுங்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் இந்த ஒரு பார்வையிலேயே சில சமயம் ஒரு விடையோ இரண்டோ கழிந்துவிடும்.

கேள்வியிலேயே ஆள் இல்லாமலும் வரும். "'கீப் கொயட்,' ஷி செட்" என்று மட்டும் இருக்கும். இன்டைரக்ட்டில் ஆள் இல்லாமல் 'டோல்ட்' நிற்காது, ஆகவே நாமே 'மீ' அல்லது 'தெம்' போட்டுக்கொள்ள வேண்டும்: "ஷி டோல்ட் தெம் டு கீப் கொயட்." கட்டளைக்குள்ளேயே "ரவி, ப்ரிங் சம் வாட்டர்" என்று பெயர் இருந்தால் அதை வெளியே எடுத்து ஆளாக வைத்துக்கொள்ளலாம்.

'டோன்ட்' வந்தால் 'நாட் டு'. இதில் "டு டோன்ட் ரன்" என்று எழுதுவதுதான் அதிகம் நடக்கும் தப்பு. 'டோன்ட்' முழுசாகப் போய்விட வேண்டும், 'டு'வுக்கு முன்னால் 'நாட்' வர வேண்டும். 'நெவர்' இருந்தால் அதை அப்படியே 'நெவர் டு' என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஃபர்பேட்' என்ற சொல்லை எழுத ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், தடுத்தார் என்ற பொருள் அதற்குள்ளேயே இருப்பதால் "ஃபர்பேட் மீ டு கோ" என்றுதான் வரும், கூட 'நாட்' சேர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். "டோன்ட் ஃபர்கெட் டு போஸ்ட் த லெட்டர்" மாதிரி வாக்கியத்துக்கு அழகான விடை "ஹி ரிமைண்டட் மீ டு போஸ்ட் த லெட்டர்." மறக்காதே என்று சொல்வது நினைவூட்டுவதுதானே, அதனால் 'நாட்' காணாமல் போவதில் தப்பில்லை. "டோல்ட் மீ நாட் டு ஃபர்கெட்" என்பதும் சரியான விடைதான்.

'பி' என்று ஆரம்பிக்கும் கட்டளைகளைத் தனியாக எழுதிப் பழகுங்கள். "பி கேர்ஃபுல்", "டோன்ட் பி லேட்". தமிழில் "கவனமாக இரு" என்பதில் 'இரு' காதில் நன்றாக விழுகிறது, ஆனால் ஆங்கிலத்தில் 'பி' ஒரு வினைச்சொல் என்றே பலருக்குத் தோன்றுவதில்லை, 'டு' போட்ட வேகத்தில் அதை விழுங்கிவிட்டு "டோல்ட் மீ டு கேர்ஃபுல்" என்று எழுதுகிறார்கள். 'டு பி கேர்ஃபுல்', 'நாட் டு பி லேட்'.

வேண்டுகோளுக்கு வருவோம். 'ப்ளீஸ்', 'கைண்ட்லி' இரண்டும் இன்டைரக்ட்டில் இருக்கவே கூடாது, 'ரிக்வெஸ்டட்', 'ஆஸ்க்ட்' என்ற சொல்லுக்குள் அந்தப் பணிவு போய்விடுகிறது. இதைவிட முக்கியம், கேள்வி மாதிரி தோற்றமளிக்கும் வேண்டுகோள். "குட் யூ லெண்ட் மீ யுவர் பென்?" என்பதற்குக் கேள்விக்குறி இருக்கிறது என்பதற்காக 'இஃப்' போட்டு ஆரம்பிக்காதீர்கள். அவன் பேனா கொடுக்க முடியுமா என்று ஆராய்ச்சி செய்யவில்லை, பேனா வேண்டும் என்கிறான். "ஹி ஆஸ்க்ட் மீ டு லெண்ட் ஹிம் மை பென்." ஆனால் "கேன் யூ ஸ்விம்?" என்றால் அது உண்மையான கேள்வி, அங்கே "ஆஸ்க்ட் மீ இஃப் ஐ குட் ஸ்விம்." எப்படிப் பிரித்தறிவது? பதிலாக எதிர்பார்ப்பது ஆமாம், இல்லை என்ற சொல்லா அல்லது ஒரு செயலா என்று உங்களையே கேட்டுப்பாருங்கள். செயல் என்றால் 'டு'. "கேன் ஐ ஹேவ் சம் வாட்டர்?" மாதிரி எனக்கு இது வேண்டும் என்று கேட்பதை "ஹி ஆஸ்க்ட் ஃபார் சம் வாட்டர்" என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

'லெட்ஸ்' மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. "லெட்ஸ் ப்ளே கிரிக்கெட்" என்று சொன்னவனும் விளையாட வருகிறான் அல்லவா, அதனால் அது யோசனை. "ஹி சஜஸ்டட் தட் தே ஷுட் ப்ளே கிரிக்கெட்", அல்லது "சஜஸ்டட் ப்ளேயிங் கிரிக்கெட்". 'சஜஸ்டட்' பின்னால் 'டு ப்ளே' வராது, இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

ஆள் மாற்றம், இடம், காலம் எல்லாம் மற்ற வகைகளில் படித்ததுதான்: 'ஹியர்' 'தேர்' ஆகும், 'டுமாரோ' 'த நெக்ஸ்ட் டே' ஆகும், 'நவ்' 'தென்' ஆகும். கட்டளையில் டென்ஸ் மாறாது என்று தெரிந்துகொண்ட சந்தோஷத்தில் சிலர் இவற்றையும் மாற்றாமல் விட்டுவிடுவார்கள். நான் பிள்ளைகளிடம் வாக்கியத்தில் 'மை', 'மீ', 'யுவர்' மூன்றையும் பென்சிலால் வட்டமிடச் சொல்வேன், அப்புறம் ஒவ்வொரு வட்டத்துக்கும் நேராக அது குறிக்கும் ஆளின் பெயரை எழுதச் சொல்வேன். பெயர் எழுதிய பிறகு 'ஹிஸ்'ஸா 'ஹெர்'ரா என்பது தானாகத் தெரியும்.

பயிற்சிக்கு வினாவங்கி மட்டும் போதாது. எனக்குக் கைகொடுத்தது வீட்டிலும் வெளியிலும் காதில் விழுவதை மாற்றிப் பார்ப்பது. பஸ்ஸில் கண்டக்டர் "படியில நிக்காதீங்க, உள்ள வாங்க" என்கிறார், உடனே மனசுக்குள் "த கண்டக்டர் டோல்ட் த பேசஞ்சர்ஸ் நாட் டு ஸ்டாண்ட் ஆன் த ஃபுட்போர்ட்." அம்மா "அடுப்ப அணைச்சிட்டு வா" என்கிறார், ரேஷன் கடையில் "வரிசையில நில்லுங்க" என்கிறார்கள், எல்லாம் பயிற்சிதான். இதில் ஒரு பெரிய லாபம் உண்டு: சொன்னவரின் குரல் உங்களுக்குத் தெரியும், அதனால் 'டோல்ட்'டா 'வார்ன்ட்'டா 'அட்வைஸ்ட்'டா என்று யோசிக்காமலே சரியான சொல் வந்து விழும். தேர்வுத் தாளில் குரல் கேட்காது, ஆனால் பழகிய காது இருந்தால் அச்சில் இருக்கும் வாக்கியத்திலும் அது கேட்கும்.

கடைசியாக, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளையும் தடுமாறவைக்கும் ஒரு வகை, கட்டளையும் செய்தியும் சேர்ந்து வருவது. "த நர்ஸ் செட் டு த ஓல்ட் மேன், 'ப்ளீஸ் சிட் ஹியர். த டாக்டர் வில் சீ யூ சூன்.'" இரண்டு வாக்கியத்தையும் ஒரே 'டு'வுக்குள் திணிக்கக் கூடாது. முதல் பாதி வேண்டுகோள், அதற்கு 'டு'. இரண்டாம் பாதி ஸ்டேட்மென்ட், அதற்கு 'தட்', அங்கே மட்டும் டென்ஸ் மாறும், 'வில்' 'வுட்' ஆகும். நடுவில் இணைக்க 'அண்ட் டோல்ட் ஹிம்' அல்லது 'அண்ட் ஆடட்'. "த நர்ஸ் ரிக்வெஸ்டட் த ஓல்ட் மேன் டு சிட் தேர் அண்ட் டோல்ட் ஹிம் தட் த டாக்டர் வுட் சீ ஹிம் சூன்." எழுதி முடித்ததும் இன்வெர்ட்டட் கமா எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா, 'யூ' மிச்சம் இருக்கிறதா, கேள்விக்குறி போய் முற்றுப்புள்ளி வந்ததா என்று ஒரு முறை பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.