தகப்பன் பெயர் கடைசிப் பத்தியில்: பால் பைத்தான் ஜோடிகளுக்குப் பெயர் வைத்துப் பார்த்த அனுபவம்

இந்தப் பருவத்திலிருந்து என் பாம்புப் பதிவேட்டில் ‘ஜோடி’ என்ற பத்தியே (நெடுவரிசையே) கிடையாது. பால் பைத்தான்களை (ball python, ஒரு வகை மலைப்பாம்பு) இணை சேர்க்க ஆரம்பித்ததிலிருந்து ஜோடிக்கு எப்படிப் பெயர் வைப்பது என்று முறையை மாற்றி மாற்றிப் பார்த்தேன். இப்போது இருப்பது ஓரளவு நிலைத்துவிட்டது போலத் தெரிகிறது. எது எங்கே இடித்தது என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் வைத்தது சேர்ப்புப் பெயர். பெண்ணின் பெயர் முல்லை, ஆண் வேங்கை, ஜோடி ‘முல்லைவேங்கை’. (பெண்களுக்குப் பூப்பெயர், ஆண்களுக்கு மரப்பெயர் என்று ஒரு விதி வைத்திருக்கிறேன். பாம்பு கூப்பிட்டால் வரப்போவதில்லை, பெயரெல்லாம் நமக்காகத்தான்.) கேட்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்த பருவம் வேங்கையைத் தாழையிடம் விட்டேன், முல்லைக்கு வாகையைக் கொடுத்தேன். உடனே எல்லாப் பெயரும் பாதிக்குப் பாதி ஒன்றுபோல் ஆகிவிட்டது. பால் பைத்தானில் நிரந்தர ஜோடி என்று ஒன்று இல்லை. ஒரு ஆணைப் பல பெண்களிடம் சுழற்சியில் விடுவதுதான் வழக்கம். மற்ற நாளெல்லாம் தனித்தனி டப்பா. இல்லாத குடும்பத்துக்கு நான் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் புள்ளி எண் முறை. விலங்குக்காட்சி சாலைகளிலும் பாம்பு வளர்ப்போரிடமும் புழங்குவது. முதல் எண் ஆண், இரண்டாவது பெண், மூன்றாவது பால் தெரியாதவை. 1.1 என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும், 1.2 என்றால் ஓர் ஆண், இரண்டு பெண், 0.0.6 என்றால் இன்னும் பால் பார்க்காத ஆறு குஞ்சுகள். எத்தனை என்று சொல்ல இதைவிடச் சுருக்கமான முறை இல்லை. ஆனால் யார் என்று சொல்லாது. அதனால் டப்பா அடுக்கின் மேல் ஒட்டும் இருப்புச் சீட்டோடு அதை நிறுத்திக்கொண்டேன்.

மார்ஃப் (நிறம், கோலம் மாறுபட்ட வகை) பெயரை வைத்து ஜோடியை அழைப்பதையும் கொஞ்ச காலம் செய்தேன்: ‘பாஸ்டல் பெருக்கல் பம்பிள்பீ’ என்கிற மாதிரி. பேச்சில் இது வசதி, பதிவேட்டில் ஆபத்து. பம்பிள்பீ என்பது ஒரு மரபணுவின் பெயரே இல்லை. பாஸ்டலும் ஸ்பைடரும் ஒரே பாம்பில் சேர்ந்தால் அந்தப் பெயர். ஸ்பைடர் மரபணு உள்ள பாம்புகளுக்குத் தலையாட்டம், தடுமாற்றம் என்று நரம்புக் கோளாறு உண்டு. செல்லப் பெயர் அந்த விஷயத்தை அழகாக மூடிவிடுகிறது. சோளப்பாம்பிலும் இதே கதைதான்: ஸ்நோ என்றால் அமெல், அனெரி என்ற இரண்டு மரபணு, பட்டர் என்றால் அமெலும் கேரமலும். அந்த பட்டருக்கும் பால் பைத்தானில் பட்டர் என்று அழைக்கப்படுவதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இரண்டு இனமும் வைத்திருப்பவர் ஒரே நோட்டில் ‘பட்டர் பெண்’ என்று எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே கூட்டுப் பெயரை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் மரபணுக்களை ஒவ்வொன்றாக எழுதுகிறேன். வெளியே தெரிவது ஒரு வரி. மறைந்திருப்பது, அதாவது ஹெட் (heterozygous, ஒரு படி மட்டும் இருப்பதால் வெளியே தெரியாதது), இன்னொரு வரி. ஹெட்டுக்குப் பக்கத்தில் சதவீதம் கட்டாயம். இரண்டு அல்பினோ ஹெட்டுகளைச் சேர்த்தால் சாதாரணமாகத் தெரியும் குஞ்சுகள் ஒவ்வொன்றும் ஹெட்டாக இருக்க வாய்ப்பு 66%. ஒரு ஹெட்டையும் ஒரு சாதாரணத்தையும் சேர்த்தால் 50%. வெறுமனே ‘ஹெட்’ என்று எழுதினால் படிப்பவர் நூறு என்றுதான் எடுத்துக்கொள்வார். எந்த மரபு வரிசை என்ற பெயரையும் விடக்கூடாது. போவா (இன்னொரு வகைப் பெரும்பாம்பு) வளர்ப்பவர்களுக்கு இது பழகின விஷயம்: அங்கே காஹ்ல் அல்பினோ, ஷார்ப் அல்பினோ என்று இரண்டு உண்டு. பார்வைக்கு இரண்டும் அல்பினோ, ஆனால் ஒன்றோடொன்று சேர்த்தால் குஞ்சு அல்பினோவாக வராது.

சரி, ஜோடிக்கு வருவோம். சேர்ப்புப் பெயரோ பெருக்கல் குறியோ, எதை எழுதினாலும் தகப்பன் யார் என்பதைத் தெரிந்த உண்மையாக எழுதிவிடுகிறோம். பாம்பில் அது அவ்வளவு உறுதியில்லை. பெண் பாம்பு விந்தைச் சேமித்து வைக்கக்கூடியது. போன பருவத்து ஆணின் குஞ்சு இந்தப் பருவத்தில் வரலாம். அதற்கும் மேலே, ஆணே இல்லாமல் பெண் பாம்பு குஞ்சு ஈன்றதும் பால் பைத்தானில் பதிவாகியிருக்கிறது. 2020-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சி சாலையில் 60 வயதைத் தாண்டிய ஒரு பால் பைத்தான் 7 முட்டை இட்டது. குறைந்தது 15 ஆண்டுகளாக அது எந்த ஆணின் பக்கத்திலும் இருந்ததில்லை. சேமித்த விந்தா, தகப்பனே இல்லையா என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாமல் மரபணுச் சோதனைக்குத்தான் போனார்கள். அந்தச் செய்தியைப் படித்த பிறகு ‘முல்லைவேங்கை’ என்பது எனக்கு ஒரு ஊகத்தின் பெயராகத்தான் தெரிந்தது.

முட்டையைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும் தாயைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராது. அதனால் இப்போது பெயர் ஜோடிக்கு இல்லை, ஈட்டுக்கு, அதாவது ஒரே தடவையில் இட்ட முட்டைகளுக்கு. முல்லை 2025-ல் இட்ட முட்டைகள் ‘முல்லை-25’. அதில் மூன்றாம் முட்டையின் குஞ்சு ‘முல்லை-25-3’. ஆண்டு என்பது முட்டையிட்ட ஆண்டு. பிணையல் பார்த்த ஆண்டும் இல்லை, பொரித்த ஆண்டும் இல்லை. பிணைவதற்கும் முட்டையிடுவதற்கும் இடையே பல மாதம் போகும். அப்புறம் அடைகாப்புப் பெட்டியில் ஏறக்குறைய இரண்டு மாதம். இதில் எங்கேயாவது ஆண்டு மாறிவிடும். முட்டையிடும் நாள் ஒன்றுதான் குழப்பமில்லாமல் ஒரே நாளில் நடந்து முடிகிறது.

முட்டை எண் எனக்குப் பிடித்த பகுதி. கோழி முட்டை மாதிரி பாம்பு முட்டையைப் புரட்டிப் புரட்டி வைக்கக்கூடாது. இட்ட வாக்கிலேயே இருக்க வேண்டும். அதற்காக எல்லோரும் முட்டையின் மேல்பக்கம் பென்சிலால் ஒரு கோடு போடுவார்கள். கோட்டுக்குப் பதில் எண்ணைப் போட்டால் இரண்டு வேலையும் முடிந்தது. கெட்டுப்போன முட்டையின் எண்ணை வேறொன்றுக்குக் கொடுப்பதில்லை. 1, 2, 3, 5 என்று பட்டியல் தாவினால் நான்காவது பொரிக்கவில்லை என்று பொருள். ஒரே முட்டையில் இரட்டை வந்தால் 3அ, 3ஆ. குஞ்சு முட்டையைக் கீறித் தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஒரு நாளாவது அப்படியே கிடக்கும். அப்போதே எண்ணோடு சேர்த்துப் படம் எடுத்துவிட வேண்டும். ராத்திரியில் எல்லாம் வெளியே வந்து ஒரே குவியலாகக் கிடந்தால் எந்த முட்டைக்கு எது என்று சொல்லவே முடியாது. உடம்புக் கோலம் ஒன்றுக்கொன்று மாறுபடுவதால், அந்தப் படம் பிற்காலத்தில் அடையாளச் சீட்டாகவும் உதவும்.

பூப்பெயர், மரப்பெயரெல்லாம் பால் பார்த்து, அதையும் இன்னொரு தடவை சரிபார்த்த பிறகுதான். வாங்கிப் போகிறவர்கள் என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். குறியீடு மட்டும் மாறாது.

தகப்பன் பெயர் கடைசிப் பத்திக்குப் போய்விட்டது, பக்கத்தில் மூன்றில் ஒரு சொல்லோடு: ‘விட்டது’, ‘கண்டது’, ‘உறுதி’. ஆணைப் பெண்ணிடம் விட்டேன், ஆனால் பிணையலைப் பார்க்கவில்லை என்றால் முதலாவது. கண்ணால் பார்த்தால் இரண்டாவது. மூன்றாவதைக் குஞ்சுகள்தான் எழுத வேண்டும். வாகை ஒரு சூப்பர் பாஸ்டல். பாஸ்டல் மரபணு இரண்டு படியாக இருப்பதால் அதற்குப் பிறக்கும் குஞ்சு ஒவ்வொன்றும் பாஸ்டலாகத்தான் இருக்கும். தாயிடம் பாஸ்டல் இல்லை, வந்த குஞ்சு எல்லாம் பாஸ்டல் என்றால் ‘உறுதி’ என்று எழுதலாம். ஒன்றே ஒன்று சாதாரணமாக வந்தாலும், குறைந்தபட்சம் அந்தக் குஞ்சுக்கு வாகை தகப்பன் இல்லை.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு விதிவிலக்கு பனானா என்ற மரபணு. தகப்பனின் பெயரோடு நிறுத்தினால் அங்கே போதாது, தகப்பனுக்கு அந்த மரபணு யாரிடமிருந்து வந்தது என்றும் எழுத வேண்டும். மலைப்பாம்புகளில் எக்ஸ்-ஒய் பால் குரோமோசோம்கள் இருப்பது 2017-ல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. வளர்ப்போர் அதற்கு முன்பே பனானாவில் ஒரு விசித்திரத்தைக் கவனித்திருந்தார்கள். தன் தகப்பனிடமிருந்து பனானாவைப் பெற்ற ஆணுக்குப் பிறக்கும் பனானா குஞ்சுகள் பெரும்பாலும் ஆண். தாயிடமிருந்து பெற்ற ஆணுக்குப் பெரும்பாலும் பெண். முன்னதை மேல் மேக்கர் (male maker) என்றும் பின்னதை ஃபீமேல் மேக்கர் என்றும் சொல்வார்கள். வேங்கை பனானா. அதனால் அதன் பெயருக்குப் பக்கத்தில் ‘தகப்பன் வழி’ என்று எப்போதும் இருக்கும். என் பதிவேட்டில் இந்தக் குறிப்பு உள்ள பாம்பு இது ஒன்றுதான்.

இப்போது பெட்டியில் இருப்பது ‘தாழை-25’. தாழைக்கு இந்தப் பருவம் வாகை, வேங்கை இருவரையும் விட்டேன். இரண்டு பிணையலையும் பார்த்தேன். தகப்பன் பத்தியில் ‘வாகை / வேங்கை, கண்டது’ என்று இருக்கிறது. பழைய முறையில் இதற்கு என்ன பெயர் வைத்திருப்பேன் என்றே தெரியவில்லை. ஒரே ஈட்டில் இரண்டு தகப்பன்கள் வருவது பாம்புகளில் நடப்பதுதான், அதனால் இந்தத் தடவை தகப்பன் பத்தியை ஈட்டுக்கு ஒன்றாக இல்லாமல் முட்டைக்கு ஒன்றாகப் பிரித்திருக்கிறேன். பாஸ்டல் இல்லாமல் தலை நீட்டுவது வேங்கை பக்கம் போகும். பாஸ்டலாக வருவதை வாகைக்கு எழுதலாம், தாழையிடம் பாஸ்டல் இல்லை. பனானாவும் பாஸ்டலும் சேர்ந்து ஒரு குஞ்சில் தெரிந்தால் மட்டும் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். குஞ்சுகள் முதல் சட்டை உரித்ததும் ஒவ்வொன்றையும் காயவைத்து, எண் எழுதிய உறையில் போட்டு வைப்பதாக இருக்கிறேன். சட்டையிலிருந்தே மரபணுவையும் பாலையும் சோதித்துச் சொல்கிற ஆய்வகங்கள் இருக்கின்றன. அதுவரை கடைசிப் பத்தி பென்சிலில்தான்.