கவசம் திறந்த நாளில்

கார்த்திகைப் பௌர்ணமிக்குத் திருவொற்றியூர் சிவன் கோயிலுக்குப் போக வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். நாங்கள் இருப்பது தண்டையார்பேட்டை. மெட்ரோவில் ஏறினால் நாலாவது ஸ்டேஷன் திருவொற்றியூர் தேரடி. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் என்னைக் கூட்டிக்கொண்டு போனது எட்டு மாச அரிப்புதான்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தொடங்கும். முழங்கையின் உட்பக்கம் முதலில் லேசாகச் சூடு ஏறும். பிறகு கொசு கடித்த மாதிரி ஒரு சிவப்பு. பத்து நிமிஷத்தில் அது பக்கத்துச் சிவப்போடு ஒட்டிக்கொண்டு அப்பளம் அளவுக்குத் தடித்துவிடும். நகம் பட்ட இடமெல்லாம் கோடு கோடாக எழும்பி நிற்கும். ராத்திரி ஒரு மணி, இரண்டு மணி வரை இடுப்பு, தொடை, முதுகு என்று ஊர் சுற்றும். விடிந்து பார்த்தால் ஒரு தடம்கூட இருக்காது. அழுதுகொண்டே அத்தையிடம் கையை நீட்டுவேன். "எங்கம்மா, ஒண்ணுமே காணோமே" என்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நிஜமாகவே ஒன்றும் இருக்காது. ஆனால் அந்த வார்த்தை அரிப்பைவிட அதிகமாக வலித்தது.

செய்யாத வைத்தியம் இல்லை. குப்பைமேனி இலையோடு மஞ்சளும் உப்பும் வைத்து அரைத்துப் பூசினேன். சொறிந்து புண்ணான இடத்தில் பட்டு நெருப்பாக எரிந்தது. வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் குளித்தேன். கீழ் வீட்டு அக்கா வெட்பாலை இலை கொண்டுவந்து தந்தார். இலையைக் கிள்ளிப் போட்டுத் தேங்காய் எண்ணெய் ஊற்றி, கண்ணாடி பாட்டிலை மொட்டை மாடி வெயிலில் வைத்தோம். பச்சை இலை கிடந்த எண்ணெய், நாள் போகப் போக நாவல் பழ நிறத்துக்கு மாறியது. தினமும் ஏறிப் போய்ப் பார்ப்பேன். அந்த நிறத்தைப் பார்க்கும்போதே பாதி குணமானது போல இருக்கும். பூசினால் தோல் வறட்சி போனது, அரிப்பு போகவில்லை. அது செதில் உதிர்கிற நோய்க்கு உள்ள தைலம் என்று பிறகுதான் தெரிந்தது.

நடுவில் ஒருவர் 'ரத்தத்தில் விஷம் இருக்கிறது, நாற்பது நாளில் எடுத்துவிடுகிறேன்' என்று ஒரு கறுப்புக் களிம்பு கொடுத்தார். என்ன கலந்திருக்கிறது என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் தோல் வெந்து உரிந்தது. இன்னது என்று சொல்லாமல் கொடுக்கிற மருந்தை யாரும் தொடாதீர்கள், தயவுசெய்து.

ராத்திரியில் தடிப்பு எழும்போது அதை போனில் போட்டோ எடுத்து வைக்கச் சொன்னது என் வீட்டுக்காரர். அந்தப் படங்களைக் காட்டிய பிறகுதான் தோல் டாக்டருக்குப் புரிந்தது. அர்ட்டிகேரியா என்றார். ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்டது, நிறையப் பேருக்குக் காரணமே பிடிபடாது, ஒவ்வொரு தடிப்பும் ஒரு நாளைக்குள் தானாக மறைந்துவிடும் என்றார். தைராய்டு சோதனைக்கு எழுதிக் கொடுத்து, தினமும் ஒரு அலர்ஜி மாத்திரை போடச் சொன்னார். சித்த மருத்துவர் ஒருவரையும் பார்த்தோம். அவர் படத்தைப் பார்த்ததும் "காணாக்கடி" என்றார். மாத்திரையை நிறுத்த வேண்டாம், கூடவே அருகம்புல்லும் மிளகும் தட்டிப் போட்ட கஷாயம் குடி, கத்திரிக்காய், கருவாடு, இறால் வேண்டாம் என்றார். காசிமேட்டு மீன் வாசனையிலேயே வளர்ந்தவளுக்கு இறால் இல்லாத ஞாயிற்றுக்கிழமை கஷ்டம்தான். காணாக்கடி! என்ன கடித்தது என்று கண்ணுக்குத் தெரியாத கடி. என் பாடு முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருந்தது.

அந்த வாரம்தான் கார்த்திகைப் பௌர்ணமி வந்தது.

திருவொற்றியூரில் மூலவர் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவானவர். வருஷம் முழுக்கக் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தைத் திறந்து, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாற்றுவார்கள். அத்தை முட்டிவலியால் வரவில்லை. நான் மட்டும் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு போனேன். எட்டு மாசமாக அதுதான் என் உடுப்பு.

வரிசை நகரவே இல்லை. நிற்கிற நேரத்தில் தேவாரம் பாடிய சுந்தரரை நினைத்துக்கொண்டேன். இதே ஊரில் மகிழ மரத்தடியில், உன்னைப் பிரிய மாட்டேன் என்று, தாம் மணக்கவிருந்த சங்கிலியாருக்குச் சத்தியம் செய்தவர். திருவாரூர் நினைப்பில் அதை மீறிப் போனார். எல்லை தாண்டியதும் கண் இரண்டும் போயிற்று. காஞ்சிபுரத்தில் ஒரு கண், திருவாரூரில் மறு கண் என்று திரும்பக் கிடைத்ததை எல்லோரும் சொல்வார்கள். நடுவில் அவர் உடம்பில் பிணி கண்டதையும், திருத்துருத்திக் குளத்தில் முழுகி அது நீங்கியதையும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அந்தத் திருத்துருத்திதான் இன்றைய குத்தாலம். என் உடம்பைப் படுத்துகிற பிணியைத் தீர்த்தவன் என்று அங்கே பதிகமே பாடினார். தம்பிரான் தோழர் என்று பேர் வாங்கியவரே உடம்பு நோவைச் சாமியிடம் சொல்லிப் பாடியிருக்கிறார். அது எனக்குப் பெரிய ஆறுதல். இத்தனை நாள், அரிப்புக்கெல்லாம் போய்ச் சாமியைத் தொந்தரவு செய்வதா என்று கூச்சப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தின் புழுக்கத்தில் கை சுட ஆரம்பித்தது. ரவிக்கைக்கு மேலேயே பரபரவென்று தேய்த்தேன். முன்னால் நின்ற வயதான அம்மா திரும்பிப் பார்த்தார். காசிமேட்டிலிருந்து வந்தவர், கையில் மல்லிப்பூப் பொட்டலம்.

"இன்னாம்மா, அரிக்குதா? கைய மடிச்சு வுடு, பாக்கலாம்."

தயங்கித் தயங்கி மடித்தேன். முழங்கை வரைக்கும் சிவந்து தடித்திருந்தது.

"ஐயோ, எப்படித் தடிச்சிருக்கு பாரு! சொறியாத கண்ணு, சொறிஞ்சா இன்னும் ஏறும்" என்று சொல்லிவிட்டு, பூப்பொட்டலத்தைப் பிடித்திருந்த ஈரக் கையை அப்படியே என் தடிப்பின் மேல் வைத்து அழுத்தினார். குளிர்ந்த உள்ளங்கை. மீன் அரிந்து காய்ப்புக் காய்ச்சிய விரல்கள். மல்லி வாசனை. என் மகனுக்கும் இப்படித்தான் இரண்டு வருஷம் இருந்தது, அப்புறம் தானாகப் போய்விட்டது என்றார். வரிசை நகரும்போதெல்லாம் கையை எடுப்பார், நின்றதும் திரும்ப வைப்பார். ரவிக்கைக் கையை நான் இறக்கிவிடவே இல்லை.

சன்னதிக்கு முன்னால் வந்தபோது முதலில் எட்டியது தைல வாசனைதான். பிறகு தீபம் உயர்ந்தது. கவசம் இல்லை. தைலம் பட்டு மினுமினுக்கிற அந்தப் புற்றுத் திருமேனி. நாலைந்து நொடி இருக்கும். என்னென்னவோ கேட்க வேண்டும் என்று வந்தவள், "அப்பா, இன்னைக்கு ஒரு ராத்திரி தூங்கணும்" என்று மட்டும் சொன்னேன். கண்ணீர் தாரைதாரையாக வந்தது. வடிவுடையம்மன் சன்னதியில் அந்த அம்மா கொண்டுவந்த பூவைக் கொடுத்தார். கூட்டத்தில் அதற்குப் பிறகு அவரைப் பார்க்க முடியவில்லை. பேர்கூடக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது மணி பத்தரை. கதவைத் திறந்த அத்தை என் கையைத்தான் முதலில் பார்த்தார். தடிப்பு இன்னும் அடங்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்க் கஷாயத்தைச் சூடு பண்ணி, டம்ளர் பக்கத்திலேயே மாத்திரையையும் எடுத்து வைத்தார். அப்புறம் என் நெற்றியில் இருந்த திருநீற்றைத் தொட்டு, கொஞ்சம் எடுத்து என் முழங்கையில் தடவிவிட்டார்.

அரிப்பு அன்றைக்கே போய்விடவில்லை. அடுத்த சில மாசங்களில் படிப்படியாகக் குறைந்தது. இப்போது எப்போதாவது ஒரு நாள் வரும். மாத்திரையா, கஷாயமா என்று கேட்டால், இரண்டையும் விடவில்லை என்றுதான் சொல்வேன். அன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் நான் தூங்கினேன். அது எனக்குத் தெரியும். இந்தக் கார்த்திகைக்கு அத்தையையும் கூட்டிக்கொண்டு போகிறேன், முட்டிவலிக்கு மெட்ரோ ஸ்டேஷனில் லிஃப்ட் இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.