ரெண்டு மிதி

பிரேக் டிரம்மைக் கழற்றியதும் கருந்தூள் பொலபொலவென்று கொட்டியது. வாயால் ஊதப் போன மகனைத் தடுத்தேன். "டேய், ஊதாதே!" டிரம்மில் உரசும் பட்டைதான் லைனிங்; பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணிதான்.

அப்பாவின் 1998 மாருதி 800. பின்சக்கர பிரேக்.

வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாக நெம்பினால் பிரேக் ஆயில் வழிகிறது. லைனிங் ஒட்டிய வளைந்த தகடான ஷூ ஒரு ஓரமாக ஊறிக் கிடந்தது. எண்ணெய் குடித்த லைனிங்கை உப்புத்தாளில் தேய்த்தெல்லாம் மீட்க முடியாது. ரெண்டு பக்கமும் புது ஷூ, புது சிலிண்டர்.

"ஒரே நேரத்துல ரெண்டையும் பிரிச்சுடாதீங்க தம்பி" என்று மெக்கானிக் அண்ணன் சொல்லியிருந்தார். எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் என்று மறந்துபோனால், பிரிக்காத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். இடம் வலம் மாறித் தெரியும், அவ்வளவுதான். ஆனால் குறடு நழுவி ஸ்பிரிங் செம்பருத்தித் தொட்டிக்குள் பறந்ததற்கு அவரிடம் யோசனை இல்லை. அரை மணி நேரம் தேடினோம்.

சாயங்காலம், பிரேக் ஆயில் குழாயில் புகுந்த ஏர் எடுக்க மனைவி ஸ்டியரிங் பின்னால் உட்கார்ந்தாள்.

மிதி. பிடி. விடு.

ஆயில் வெளியேறும் டியூபில் குமிழி நிற்கும்வரை அதே மூன்று சொல்.

அப்பா எப்போதும் பிரேக்கை ரெண்டு தடவை மிதிப்பார். அது அவருடைய ஸ்டைல் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஷூ தேய்ந்து இடைவெளி கூடினால் முதல் மிதி வீணாகத்தான் போகும்.

இன்று தெருமுனையில் பழக்கதோஷத்தில் நானும் ரெண்டு மிதி மிதித்தேன். முதல் மிதியிலேயே வண்டி நின்றுவிட்டது. பின்சீட்டிலிருந்து மகன், "அப்பா, மெதுவா!"