கறுப்பிக்கு ஓர் ஆள்

ஓகஸ்ட் 3

தம்பியின் மகளுக்கு 14 ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் கலியாணம். மாமி முறைக்கு நான் முன்னதாகவே போய் நிற்காவிட்டால் குடும்பத்தில் கதை வரும். நான்கு இரவுகள். தம்பலகாமத்து வீட்டைப் பூட்டிவிட்டுப் போகலாம்; கறுப்பியைப் பூட்டிவிட்டுப் போக முடியாது. ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாகப் போகும் பஸ்ஸில் நாயை ஏற்றுவார்களா என்று நடத்துநரிடம் கேட்டேன். சிரித்தார். அதோடு விட்டேன்.

காலமும் தோதில்லை. கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளைந்த சிறுபோகம் வெட்டுக்கு நிற்கிறது. நெல்லுக்கு யானை வரும். யானைக்கு வெடி போடுவார்கள். அந்தச் சத்தம் கறுப்பிக்கு எமன். போன வருடம் வேலிக்குக் கீழால் நுழைந்து ஓடியவளை இரண்டு நாள் கழித்து வாய்க்கால் மதகுக்குள் இருந்து தூக்கிவந்தேன்.

ஓகஸ்ட் 5

பக்கத்து வளவு அண்ணர், "ஒன்றும் யோசிக்காதீர்கள் ரீச்சர், சங்கிலியில் கட்டிவிட்டால் எங்கே போகப்போகிறது?" என்றார். அதனால்தான் யோசிக்கிறேன்.

உயர்தரம் படிக்கும் பையன் ஒருவனும் வந்தான். நாய் மேல் உயிர். ஆனால் தலைமாட்டில் இடி விழுந்தாலும் எழும்பமாட்டான் என்று அவனுடைய தாயே சொல்லிவிட்டார்.

ஓகஸ்ட் 6

24 கிலோமீற்றர் பயணம் செய்து திருகோணமலை நகரில் நாய்களை வைத்துப் பார்க்கும் ஓர் இடத்தையும் பார்த்து வந்தேன். கூடுகள் சுத்தம். ஆனால் தடுப்பூசி அட்டையை அவர்கள் கேட்கவே இல்லை. நானாக நீட்டியதையும் விரித்துப் பார்க்கவில்லை. என்னிடம் கேட்காதவர்கள் பக்கத்துக் கூட்டுக்காரனிடம் மட்டும் கேட்டிருப்பார்களா? விசர்நாய்க்கடி நோயின் குறி தெரிந்துவிட்டால் பிறகு அநேகமாக மருந்தே இல்லை. ஊசிதான் ஒரே காவல். திரும்பி வந்துவிட்டேன்.

ஓகஸ்ட் 8

காலையில் பால் கொண்டுவரும் தங்கச்சியிடம் பேச்சுவாக்கில்தான் சொன்னேன். செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "வெடி போட்டால் இவள் எங்கே போய் ஒளிவாள், ரீச்சர்?" மற்ற யாருக்கும் இந்தக் கேள்வி வரவில்லை. பெரிய அறைக் கட்டிலுக்குக் கீழே என்றேன். "அப்படியென்றால் நான் அந்த அறையில்தான் படுக்க வேண்டும். இவளுக்கு ஏதும் ஆகிவிட்டால் முதலில் உங்களுக்குச் சொல்லவா, மிருக வைத்தியருக்குச் சொல்லவா?"

அபசகுனமாகப் பேசுகிறாளே என்று ஒரு கணம் சுருக்கென்றது. பிறகு யோசித்தேன். "யோசிக்காதீர்கள்" என்றவர்கள் எல்லாரும் எனக்காகவா சொன்னார்கள்?

காசு வேண்டாம் என்றாள். நாளுக்கு ஆயிரம் ரூபாய் என்று நான் அடம்பிடித்தேன். சும்மா செய்கிறவளிடம் கணக்குக் கேட்க எனக்கு வாய் வராது.

ஓகஸ்ட் 9

ஒத்திகை. ஓர் இரவு இங்கே வந்து படுக்கச் சொன்னேன். படலையைத் திறந்து உள்ளே வந்தவள் கறுப்பியைக் கூப்பிடவும் இல்லை, பார்க்கவும் இல்லை. திண்ணையில் குந்தி வெற்றிலையை மடித்தாள். கறுப்பி உறுமிக்கொண்டே சுற்றி வந்து, மாட்டு வாசம் அடிக்கும் சேலைக் கரையை மூக்கால் கிளறினாள், இரண்டு தும்மல். பிறகு அவளுடைய செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்துவிட்டாள். நான் வளர்த்த நாய்! கொஞ்சம் பொறாமைதான்.

ஓகஸ்ட் 12

மிருக வைத்தியரின் இலக்கமும் தடுப்பூசி அட்டையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியாயிற்று. கீழே பெரிய எழுத்தில்: அவித்த கோழி எலும்பு போடக்கூடாது, சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். காய்ச்சல் என்று பனடோல் கொடுக்கக்கூடாது, ஈரலைக் கெடுக்கும். துவைக்காத என் பழைய படுக்கை விரிப்பைக் கட்டிலுக்குக் கீழே விரித்தேன். நாளை விடிய பஸ்.

ஓகஸ்ட் 15, யாழ்ப்பாணம்

தாலி கட்டும் நேரத்திலும் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தம்பிக்குக் கோபம். நேற்றிரவு பதினொரு மணிக்கு அழைப்பு வந்தது. "வயலுக்கு இரண்டு யானை வந்து நிற்கிறது ரீச்சர், வெடி போடுகிறார்கள். கதவெல்லாம் சாத்திவிட்டேன். இவள் கட்டிலுக்குக் கீழேதான். நான் ஒரு காலைக் கீழே தொங்கவிட்டிருக்கிறேன், விடாமல் நக்குகிறாள்." பின்னணியில் டமார் என்றது எனக்கே கேட்டது.

ஓகஸ்ட் 17

வந்துவிட்டேன். கறுப்பி பாய்ந்து வந்து முகமெல்லாம் நக்கினாள். ஐந்து நிமிடம். பிறகு படலையடியில் போய்ப் பால்காரத் தங்கச்சி போன திசையைப் பார்த்துக்கொண்டு குந்திவிட்டாள். கட்டிலுக்குக் கீழே கிடந்த விரிப்பை எடுத்து மணந்தேன். மாட்டு வாசம். இன்னும் துவைக்கப் போடவில்லை.