சிவப்புப் பெட்டி ஒருவழியாக உடைந்தது

டி.என்.ஏ. பரிசோதனையை வைத்து மூதாதையரைத் தேடுகிறேன். அதில் இரண்டு மாதமாக என்னைப் பேய்க்காட்டிய சிவப்புப் பெட்டி நேற்று இரவு பதினொன்றரைக்கு உடைந்தது. ஏழாவது முயற்சி.

டி.என்.ஏ. தரவை ஜெட்மேட்சில் (தரவுகளை ஒப்பிட்டுச் சொந்தம் காட்டும் இணையதளம்) ஏற்றுவதெல்லாம் இதில் இறங்கியவர்களுக்குத் தெரியும். நேரே கிளஸ்டர் கருவிக்கு வருகிறேன்; மேட்ச்களை, அதாவது என்னோடு டி.என்.ஏ. பகிர்பவர்களை, நிறப் பெட்டிகளாகக் கூட்டம் பிரிப்பது அது. கீழெல்லை 20, மேலெல்லை 400 சென்டிமோர்கன் (பகிரும் டி.என்.ஏ.யை அளக்கும் அலகு) கொடுத்து ஓடவிட்டேன். 143 மேட்ச், அதில் 97 பேர் ஒரே சிவப்புப் பெட்டிக்குள். சுற்றிவரச் சாம்பல் புள்ளிகள், பெட்டி தாண்டிய ஒட்டுறவுகள். முல்லைத்தீவில் ஒரு கடையில் ஏ3 தாளில் கலர் பிரின்ட் எடுத்தேன். கடைப் பெடியன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சீலை டிசைனோ அண்ணை?" என்றான்.

கருவியில் பிழையில்லை. இரண்டு பேர் எனக்கும் மேட்ச், தங்களுக்குள்ளும் மேட்ச் என்றால் அவர்களைப் பெரும்பாலும் ஒரே பெட்டியில் போடும். குடும்ப வரலாறு ஆராயும் அமெரிக்கர் டேனா லீட்ஸ் 2018இல் கையால் நிறம் தீட்டிக் காட்டிய முறையும் இந்த வழிதான்: அப்பப்பா, அப்பம்மா, அம்மப்பா, அம்மம்மா, நான்கு பேருக்கு நான்கு நிறம். தூரத்தில் பெண் எடுக்கிற குடும்பங்களுக்குப் பொருந்தும். எங்கள் வீட்டில் அம்மா, அப்பாவுக்குச் சொந்த மாமன் மகள். அப்பம்மாவும் அம்மப்பாவும் கூடப்பிறந்தவர்கள். எட்டுப் பூட்டன் பூட்டி இருக்கவேண்டிய இடத்தில் எனக்கு ஆறு பேர்தான். மாற்றுச் சம்பந்தங்கள் வேறு. அப்படிக் கட்டியவர்களின் பிள்ளைகள் சாதாரண மச்சான்மாரைவிட இரண்டு மடங்கு பகிர்வார்கள். பெற்றோர் சொந்தக்காரரா என்று பார்க்கும் கருவியையும் தட்டிப் பார்த்தேன், ஆம் என்றது. முள்ளியவளையில் யாரைக் கேட்டிருந்தாலும் கருவியில்லாமலே சொல்லியிருப்பார்கள்.

கீழெல்லையை 30, 40, 45 என்று உயர்த்தினேன். பெட்டி சுருங்கியது, பிரியவில்லை. என்னை ஏமாற்றியது மொத்தக் கூட்டுத்தொகைதான். ரொறொன்ரோவில் ஒருவர் என்னோடு 112 சென்டிமோர்கன். கிட்டின சொந்தம் என்று துள்ளினேன். பிரித்துப் பார்த்தால் பத்துத் துண்டு, பெரியது 17. தலைமுறை தலைமுறையாகப் பல வழியால் வந்து சேர்ந்த சில்லறை. சூரிச்சில் இன்னொருவர் மொத்தம் 74தான், ஆனால் அதில் ஒரே துண்டு 46. இது நோட்டு.

அப்புறம்தான் புத்தி வந்தது. பட்டியலை விரிதாளில் போட்டு, பெரிய துண்டு 30க்குக் குறைந்தவர்களை எல்லாம் வெட்டினேன். மேலெல்லையையும் 250க்கு இறக்கினேன். சொந்த மச்சான் மச்சாளின் பிள்ளைகள் உள்ளே இருந்தால் எல்லா நிறத்தையும் ஒட்டவைக்கும் பசை அவர்கள்தான். மிஞ்சிய 34 பேரில் யார் யாரோடு சேர்கிறார்கள் என்ற அட்டவணையை எடுத்து, சின்னச் சின்ன ஒட்டுறவுகளை வெள்ளையாக விட்டுவிட்டு நானே நிறம் தீட்டினேன். ஐந்து நிறம்! தானியங்கிக் கருவி செய்யாததைக் கையால் செய்தேன் என்று கொஞ்சம் பீற்றிக்கொள்ளலாம்தானே.

நீலத்தில் ஆறு பேர். அம்மாவின் தங்கச்சி, என் சின்னம்மா, போன வருடமே பரிசோதித்தவ. அவவோடு இந்த ஆறு பேரில் ஒருவர்கூடச் சேரவில்லை. ஆறு பேரில் ஒருவரும் சின்னம்மாவோடு சேரவில்லை என்றால் அம்மா பக்கமாக இருக்க வாய்ப்புக் குறைவு. அவவின் அப்பா அப்பம்மாவின் அண்ணை என்பதால் அப்பம்மா பக்கமாக இருக்கவும் வாய்ப்புக் குறைவு. மிஞ்சுவது அப்பப்பா. அவ்வளவு நாளும் தொல்லை தந்த சொந்தக் கலியாணம் இங்கே கைகொடுத்தது.

அப்பப்பா மேற்கே இருந்து வண்டிலில் வந்தவர் என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. கடதாசிகள் இருந்த தகரப்பெட்டி 2009 இடப்பெயர்வில் போய்விட்டது. ஆறு பேருக்கும் எழுதினேன். குடும்பப் பெயர் கேட்டுப் பிரயோசனமில்லை, எங்களுக்குத் தகப்பன் பெயர்தானே பின்னால் நிற்கிறது. "உங்கட ஆக்கள் எந்தக் குளத்தடி?" என்று கேட்டேன். இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் பாண்டியன்குளம் என்றார், மற்றவர் பனங்காமம் என்றார். இரண்டும் ஒரே பக்கம், மேற்கு!

பச்சையில் இருக்கும் நாலு பேர் யாரென்று இன்னும் பிடிபடவில்லை. அதற்கிடையில் நெடுங்கேணியில் இருக்கும் மாமியின் மாதிரியை எடுத்துவிட வேண்டும். அப்பாவின் அக்கா, வயது 84. அப்பப்பாவின் பங்கு என்னைவிட அவவிடம் இரண்டு மடங்கு இருக்கும். பரிசோதனைக் கிட்டைத் தபாலில் வரவழைத்து ஒருமுறை பட்டது போதும். தங்கச்சி வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வரும்போது பையில் இரண்டு கொண்டுவருவாள்.

சிக்கல் வெற்றிலை. குச்சியால் கன்னத்துக்குள் தேய்க்குமுன் அரை மணித்தியாலமாவது வாயில் ஒன்றும் போடக்கூடாது என்று மாமியிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தா. "அப்ப நான் கோயிலுக்குப் போட்டு வாற நேரமாப் பார்த்து வா. அதைவிட்டா நித்திரையிலதான் எடுக்கோணும்."